தலைப்பு கேட்டவர்கள்

கணினியிலும் கைப்பேசியிலும் குறிப்பெழுதுவதற்கென்று ஏற்பட்ட செயலிகளைக் கையாளுவோர் எழுதி அனுப்பும் அபிப்பிராயங்களை வாசித்து, தரம் பிரித்து, அவரவர்க்குப் பதில் எழுதி, அவற்றுள் நிறைவேற்றத்தக்கது எது என்று புரோகிராம் எழுதுவோரிடம் எடுத்துச் சொல்வதே என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதியாக இருந்து வந்திருக்கிறது. மக்கள் பெரிய பெரிய வசதிகளைத்தான் வேண்டி எழுதுவார்கள் என்று இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் எண்ணக்கூடும். ஆனால் வருஷந்தோறும், புதுப்பதிப்பு வெளிவரும் ஒவ்வொரு சமயமும், எங்களுக்கு வந்த கோரிக்கைகளின் முன்வரிசையில் நின்றது மிகவும் அற்பமாகத் தோன்றும் ஒரு விஷயம்: குறிப்பின் நடுவே தலைப்புப் போட வழி வேண்டும் என்பது. அந்த ஒரு விண்ணப்பத்தின் கீழே எத்தனை வகைத் தேவைகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன என்பதைச் சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் சென்றுதான் தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சென்னையில் ஒரு சிறு மென்பொருள் ஸ்தாபனத்தில் கையேடுகள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். எங்களிடம் வந்து சேர்ந்த தட்டச்சாளர்கள் அநேகமாக எல்லாரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பயின்று ஹையர் பரீட்சை தேறியவர்கள். தாளின் நடுவிடத்துக்கு வந்து, தலைப்பின் எழுத்துகளை எண்ணி, இரண்டு எழுத்துக்கு ஒரு தரம் பேக்ஸ்பேஸ் தட்டிப் பின்னே சென்று, அங்கிருந்து அடிக்கத் தொடங்கினால் தலைப்பு நட்டநடுவில் வந்து அமரும் என்ற கணக்கு அவர்கள் விரல்களிலேயே ஊறியிருந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'ஹெடிங் 1' தொடங்கி 'ஹெடிங் 9' வரை ஒன்பது படிகள் தயாராக இருந்தும் அவர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, போல்ட் செய்து, கீழே கோடிட்டு, பார்வைக்கு யாதொரு குறையும் சொல்ல முடியாதபடி தலைப்புகளை அமைத்துவிடுவார்கள். கையேடு முடிந்து, பொருளடக்கத்தைக் கணினியே தயாரிக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினால், தலைப்பு ஒன்றுமே காணவில்லை என்று அது கைவிரித்துவிடும். மனிதர் கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்தது இயந்திரத்துக்குச் சற்றுப் பருத்த ஒரு வரியாகவே இருந்தது.

இதை அந்தத் தட்டச்சாளர்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. யூனிகோடு வழக்கத்துக்கு வராத அந்நாளில், ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த ஃபான்ட்களைக் கொண்டே நாங்கள் தமிழ் அடித்துக்கொண்டிருந்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு அரசாங்கம் நிர்ணயித்த டாம், டாப் முறைகளும் இந்த ஏற்பாட்டைத் தழுவியவையே. அப்படி அடித்த ஒரு தமிழ் வரிமீது 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைப் போட்டால், அந்த ஸ்டைலோடு கூடவே ஏரியல் என்ற ஆங்கில ஃபான்டும் வந்து உட்கார்ந்துகொள்ள, 'முன்னுரை' என்று இருந்த இடத்தில் தலையில் புள்ளியும் கோடும் சுமந்த பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். இந்த விபரீதத்தை ஒரு தரம் கண்டவர் மறுபடி அந்தப் பொத்தானின் பக்கம் போவாரா? மக்கள் ஒரு வசதியைப் பயன்படுத்தவில்லை என்றால், அதைத் தொட்டபோது என்ன நேர்ந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பிற்பாடு, குறிப்பெழுதும் செயலி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த வேறொரு ஸ்தாபனத்துக்கு நான் மாறியபோது, அதில் வெறும் எழுத்தைத் தவிர வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை. அந்நாளில் அது பெருங்குறையாகவும் கருதப்படவில்லை. 2008இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய எவர்நோட்டிலேயே பெரிது, நடுத்தரம், சிறிது என்ற மூவகைத் தலைப்பு 2020இல் வந்த புதிய பதிப்பில்தான் இடம்பெற்றது. ஆப்பிளின் நோட்ஸ் செயலிக்குத் தலைப்புப் பாணிகள் 2015இல் வந்தன. தொலைபேசி எண்ணையும் மளிகைப் பட்டியலையும் எழுதிவைக்கிற இடத்தில் தலைப்பு எதற்கு என்பதே எங்கள் ஸ்தாபனத்திலும் நிலவிய எண்ணம். பயன்படுத்துவோரோ குறிப்பேட்டை அந்த அளவில் நிறுத்திக்கொள்ளவில்லை. அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அரசியலமைப்புச் சட்டப் பாடம் முழுவதையும் ஒரே குறிப்பில் ஏற்றிவைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மண்டபம், சமையல், பத்திரிகை, சீர்வரிசை எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் மாதக்கணக்கில் வளர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு திரைக்குள் அடங்கிய வரையில் குறிப்புக்குத் தலைப்பின் தேவை ஏற்படுவதில்லை. எழுதியவரே தம் எழுத்துக்குள் வழி தேட நேரும்போதுதான் எங்களுக்குக் கடிதம் வரும்.

எங்கள் வட்டாரத்தில் 'டிக்கெட்' என்று சொல்லப்படும் அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "ஹெடிங் வசதி தயவுசெய்து சேர்க்கவும்." நானோ ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வியைத் திருப்பி எழுதுவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன்: எங்களுக்கு எழுதுவதற்குச் சற்று முன்பு தாங்கள் எந்தக் குறிப்பில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வந்த பதில்கள்தாம் என் தொழிற்கல்வி. ஒரு வக்கீல், வழக்கு ஒன்றுக்கு ஒரு குறிப்பு வைத்து, வாய்தா தோறும் நடந்ததைத் தேதியிட்டு எழுதி வருபவர். கோர்ட்டில் நீதிபதி கேட்கும்போது போன வாய்தாவில் சொல்லப்பட்டதை உடனே எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதே அவர் கவலை. ஒரு மாணவி, கேள்வியை மட்டும் கண்ணுக்குத் தெரியவிட்டுப் பதிலை மறைத்துவைத்துத் தன்னைத் தானே பரீட்சித்துக்கொள்ள விரும்பினாள். ஒரு குடும்பத் தலைவி, அடுப்பருகே நின்றபடி சமையல் குறிப்பைப் பார்க்கையில் எந்த இடத்தில் அரைத்துவிட வேண்டியது வருகிறது என்று தெரியவில்லை என்றார். அவருக்கு வேண்டியது பெரிய எழுத்து. ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு குறிப்பிலிருந்து மற்றொரு குறிப்பின் குறித்த பகுதிக்கு நேரே போக ஓர் இணைப்பு வேண்டினார். தாவுதல், மறைத்தல், பெரிதாக்கல், இணைத்தல் ஆகிய நான்கும் எங்கள் பட்டியலில் ஒரே கோரிக்கையாக எண்ணப்பட்டு, 'தலைப்பு' என்ற ஒற்றை வரியின் கீழே வாக்குகளாகக் குவிந்திருந்தன. பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தானை மட்டும் வைத்துவிட்டு அந்த வாக்குகள் அத்தனைக்கும் பதில் சொல்லியாயிற்று என்று நாங்கள் இருந்திருந்தால், நால்வரில் ஒருவர்தான் திருப்தி அடைந்திருப்பார்.

வசதி செய்வது என்று தீர்மானமான பிறகு எழுந்த விவாதம், தலைப்பில் எத்தனை படிகள் வைப்பது என்பது. வேர்டில் ஒன்பது, டிம் பெர்னர்ஸ்லீ இணையப் பக்கங்களுக்கென்று வகுத்த எச்டிஎம்எல் மொழியில் ஆறு, அதைப் பின்பற்றிய மார்க்டவுன் என்னும் குறியீட்டு முறையிலும் ஆறு, நோஷன் என்ற செயலி நெடுங்காலம் மூன்றோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் இளம் டெவலப்பர் ஒருவர், "ஆறையும் கொடுத்துவிடலாம் சார், நமக்கு என்ன நஷ்டம்?" என்றார். நஷ்டம் கைப்பேசித் திரையில் இருந்தது. உள்ளங்கையளவு இடத்தில் சாதாரண எழுத்தைவிடப் பெரியதாகவும், ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியும்படியும் ஆறு அளவுகள் அமைப்பது அசாத்தியம். நாலாவது படிக்கு வருவதற்குள் தலைப்பும் சாதாரண எழுத்தும் ஒன்றாகிவிடும். தமிழிலோ மேல் விலங்கும் கீழ் விலங்கும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டியிருக்கிறது. தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் திரையில் பாதியை அதுவே விழுங்கிவிடும். ஆகவே மூன்று என்று முடிவாயிற்று.

முடிவானதும் நாலாவது கேட்டுக் கடிதங்கள் வந்தன. அவர்களில் ஒருவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அத்தியாயம், பிரிவு, உட்பிரிவு, கூறு என்று நான்கு படி இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார். வழக்கமான கேள்வியை எழுதினேன். புதிதாக ஒரு பிரிவை இடையில் சேர்க்க நேர்ந்தபோது அதற்குக் கீழே வரும் எண்களையெல்லாம் கையாலேயே மாற்ற வேண்டி வந்ததாகவும், அப்படி மாற்றும்போது ஒரு கூறு விட்டுப்போய்விட்டதாகவும், அந்த எரிச்சலில்தான் எங்களுக்கு எழுதியதாகவும் பதில் வந்தது. அவருடைய துன்பம் எண்களில் இருந்தது, எழுத்தளவில் இல்லை. தலைப்புகளுக்குத் தானாக எண் இடுகிற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தபின் அவர் நாலாவது படியைப் பற்றி மறுபடி எழுதவே இல்லை.

மார்க்டவுன் விஷயம் தனியே சொல்லத்தக்கது. ஜான் குரூபர் என்ற அமெரிக்கர் 2004இல் வெளியிட்ட இந்த முறையில் வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி இட்டால் அவ்வரி முதற்படித் தலைப்பு, இரண்டு இட்டால் இரண்டாம் படி. விசைப்பலகையை விட்டுக் கையெடுக்காமல் எழுதுகிறவர்களுக்கு இது மகா சௌகரியம். அவர்கள் தொகையில் குறைவாயினும் ஊக்கத்தில் மிகுந்தவர்கள், வாரந்தோறும் எழுதுவார்கள். அவர்கள் விருப்பப்படி செய்து கொடுத்ததும் பெங்களூரிலிருந்து முறையீடுகள் வரத் தொடங்கின. அந்நகரத்தில் வீட்டு இலக்கத்துக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டு விலாசம் எழுதுவது வழக்கம். விலாசக் குறிப்பு வைத்திருந்தவர்களின் வீடுகளெல்லாம் ஒரே இரவில் தலைப்புகளாகப் பருத்துவிட்டன. இதே சங்கடத்தை உத்தேசித்துத்தான் மார்க்டவுனுக்கென 2014இல் தொகுக்கப்பட்ட காமன்மார்க் விதிகள், ஹாஷுக்குப் பிறகு இடைவெளி விட்டால்தான் தலைப்பு என்று வரையறுத்தன. நாங்களும் அதை மேற்கொண்டோம். இடைவெளி விட்டு எழுதும் பழக்கமுள்ளவர்களுக்காக, உடனே ஒரு பேக்ஸ்பேஸ் தட்டினால் தலைப்பு நீங்கிக் குறி மட்டும் நிற்கும்படியும் அமைத்தோம்.

இதைவிட விசித்திரமானது வீட்டுக் கணக்குச் சங்கதி. மார்க்டவுனில் தலைப்புக்கு இன்னொரு பழைய முறையும் உண்டு: ஒரு வரிக்குக் கீழே கிடைக்கோடுகளை வரிசையாக இட்டால் மேலிருப்பது இரண்டாம் படித் தலைப்பாகிவிடும், மின்னஞ்சலில் பத்திரிகை நடத்தியவர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கையாண்ட செட்டெக்ஸ்ட் என்னும் முறையிலிருந்து வந்த வழக்கம் இது. பால், பத்திரிகை, மளிகை என்று வரிவரியாகத் தொகை எழுதி, கூட்டலுக்கு முன் ஒரு கோடு கிழிப்பது நம் வீடுகளில் கணக்கு எழுதும் எவருக்கும் கைவந்த பழக்கம். அந்தக் கோட்டை இழுத்த மாத்திரத்தில், இடையே வெற்று வரி இல்லாத காரணத்தால் மேலேயுள்ள மாதச் செலவு முழுவதும் ஒரே தலைப்பாகக் கொட்டை எழுத்தில் எழும்பி நிற்கும். "இவ்வளவு சத்தமாக என் செலவைச் சொல்லத்தான் வேண்டுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். கோட்டால் தலைப்பாக்கும் முறையை அடியோடு எடுத்துவிட்டோம். அது வேண்டும் என்று எழுதியவர் ஒருவரையும் நான் காணவில்லை.

மடித்து வைக்கும் வசதி இத்தனைக்கும் மூத்தது. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் தம் கணினி ஏற்பாட்டைச் சபைமுன் செய்து காட்டியபோது, கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் ஒன்றை வகைவகையாகப் பிரித்து, தலைப்புகள் மட்டும் தெரியும்படி சுருக்கியும் மறுபடி விரித்தும் காண்பித்தார். ஆப்பிளின் நோட்ஸுக்கு அவ்வசதி 2024இல் வந்தது. எங்களிடம் அது வந்த நாள் முதல், அதற்கு முன் கண்டிராத ஒரு வகைக் கடிதம் வரலாயிற்று: "என் குறிப்பைக் காணோம்." மடித்தது தாமேதான் என்பது சிலருக்கு நினைவில் இல்லை, கைப்பேசியில் மடித்தது மேசைக் கணினியிலும் மடிந்து தெரிந்ததில் சிலர் மிரண்டுபோனார்கள். தேடினால் சொல் இருக்கிறது என்று செயலி சொல்லும், போய்ப் பார்த்தால் மடிப்புக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மடித்த தலைப்பை ஒருவர் அழித்தால் அதனுள் இருக்கும் பத்து வரிகளும் அழிய வேண்டுமா, தலைப்பு மட்டும் போய் உள்ளே இருப்பது வெளிப்பட வேண்டுமா? வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் உள்ளிருப்பதும் கூடப் போக வேண்டுமா? பிறருக்கு அனுப்பினால் மடித்தே அனுப்புவதா, விரித்து அனுப்புவதா? வசதி வேண்டி எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஒன்றுகூட இவற்றைப் பற்றிப் பேசவில்லை; பேசியிருக்கவும் முடியாது. வசதி வருமுன் எழுதும் கடிதம் ஆசையைச் சொல்லும், வந்தபின் எழுதும் கடிதம்தான் விஷயத்தைச் சொல்லும் என்பதால், ஒரு வசதி வெளியான முதல் மாதத்தில் வரும் அஞ்சலைப் பிறர் கையில் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வெட்டினால் எல்லாம் கூடப் போகும், அழித்தால் உள்ளிருப்பது விரிந்து நிற்கும், தேடினால் மடிப்புத் தானே திறக்கும், அனுப்பினால் விரித்தே போகும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தோம்.

இணைப்புக் கேட்ட பள்ளி ஆசிரியரை முன்னே குறிப்பிட்டேன் அல்லவா? அவருக்காக, ஒவ்வொரு தலைப்பின் எழுத்துகளிலிருந்தும் ஒரு முகவரியைத் தயாரித்து, அதைச் சொன்னால் அவ்விடத்துக்குப் போகும்படி செய்திருந்தார்கள். ஆங்கிலத் தலைப்புகளில் எல்லாம் செவ்வையாக நடந்தது. ஆசிரியருடைய குறிப்பிலோ 'படம்' என்ற தலைப்புக்கு இணைப்பை அழுத்தினால் 'பாடம்' என்ற பகுதிக்குப் போயிற்று. காரணம் இது: முகவரி தயாரிக்கும் கட்டளை, எழுத்து என்று வகுக்கப்பட்டவற்றை வைத்துக்கொண்டு ஏனைய குறிகளைக் களைந்துவிடும், யூனிகோடில் தமிழ் உயிர்மெய்யின் காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தென்ற வகையில் சேராமல், ஒட்டுக்குறி என்ற தனி வகையில் சேர்ந்திருக்கின்றன. ஆதலால் இரண்டு தலைப்புகளும் காலையும் புள்ளியையும் இழந்து ஒரே மூன்று எழுத்தாகிவிட்டன. ஒட்டுக்குறிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி கட்டளையைத் திருத்துவது சிறு வேலை. ஆனால் தலைப்பின் சொற்களை ஒருவர் நாளைக்கு மாற்றி எழுதினாலும் பழைய இணைப்பு அறுந்துபோகும் என்ற வேறொரு முறையீடும் அதே காலத்தில் வந்துகொண்டிருந்தபடியால், சொற்களைச் சார்ந்திராத ஓர் அந்தரங்க எண்ணை ஒவ்வொரு தலைப்புக்கும் கொடுத்து இரண்டையும் ஒருங்கே தீர்த்தோம்.

இனி, வாக்குகளின் பட்டியலில் ஒருபோதும் மேலே வராத ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வையற்ற வங்கி ஊழியர் ஒருவர் எழுதியது அது. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கிய, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை அவர் உபயோகித்து வந்தார். அதில் எச் விசையைத் தட்டினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 1 முதல் 6 வரையுள்ள எண்களைத் தட்டினால் அந்தந்தப் படித் தலைப்பைத் தேடிப் போகலாம். வெப்எய்ம் என்ற அமெரிக்க ஸ்தாபனம் 2009 முதல் அவ்வப்போது நடத்திவரும் விசாரணைகளில், நீண்ட பக்கத்தில் வேண்டியதைக் கண்டுபிடிக்கத் தலைப்புகளின் வழியே செல்வதையே இத்தகையோரில் மிகப் பலர் முதல் உபாயமாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்தில் எங்கள் செயலியில் தலைப்பு பெரிய எழுத்தாக வரையப்பட்டதே தவிர, 'இது தலைப்பு' என்ற தகவல் உள்ளே எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆகவே அவர் செவிக்கு அது ஒரு சாதாரண வரி. தொண்ணூறுகளில் பொருளடக்கம் கேட்டபோது கைவிரித்த இயந்திரத்தின் கதையேதான். அதோடு, எழுதும் நிலையில் எச் தட்டினால் அவ்வெழுத்தே பதிந்துவிடுமாதலால், வாசிப்பதற்கென்று திருத்த முடியாத தனி நிலை ஒன்றும் அவருக்குத் தேவைப்பட்டது. உள்ளே தலைப்பைத் தலைப்பென்றே குறிக்கும்படி அடித்தளத்தை மாற்றினோம். அதன் பலன் அவரோடு நிற்கவில்லை: வக்கீலுக்கு வாய்தாக்களின் பட்டியலைப் பக்கத்தில் காட்டவும், துணைவிதிக்காரருக்கு எண் இடவும், மாணவிக்கு மடித்து வைக்கவும் இயந்திரத்துக்கு வேண்டியிருந்தது இந்தத் தகவல்தான்.

இப்போது கடிதங்களை நேரே வாசிக்கும் வழக்கம் குறைந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவு ஒரு மாதத்து அஞ்சலை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. "தலைப்பு வசதியில் மேம்பாடு கோருகிறார்கள்" என்று ஒரு வரியும் அதன் பக்கத்தில் ஒரு தொகையும் அதில் இருக்கும். சுருக்கம் பொய் சொல்வதில்லை. ஆயினும் நான் கண்ட வரையில் மக்கள் எழுதும் கடிதத்துக்கு ஓர் அமைப்பு உண்டு: கோரிக்கை முதல் வரியில் மிடுக்காக நிற்கும், காரணமோ, சொல்வதற்கே தகுதியற்றது என்று எழுதுகிறவர் நினைப்பதால், கடைசி வரியில் ஒரு மன்னிப்போடு ஒதுங்கி நிற்கும். 'அடுப்புப் பக்கம் கண்ணாடி போட்டுக்கொள்ள முடியாது, அதனால்தான் கேட்டேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்பது போன்ற அந்த வரியைத்தான் சுருக்கம் வேண்டாததென்று முதலில் கழித்துவிடுகிறது. இத்தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம், தொகையை இயந்திரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி வரியை மட்டும் நீங்களே படியுங்கள் என்று சொல்லி வருகிறேன். அதற்கு நேரமில்லை என்பவர்கள், தாங்கள் கட்டிக்கொண்டிருப்பது எவருக்காக என்பதைத் தொகையிலிருந்து எப்படி அறியப்போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.